பெட்டி திறக்கும் இடம்: தோட்டத்துத் தமிழரும் சுங்கச் சட்டமும்



இந்தச் சொற்பொழிவின் அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்த சிலர், இலக்கியத்துக்கும் வரலாற்றுக்கும் உரிய மேடையில் சுங்கச் சட்டத்துக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லாரும் ஆண்கள். பெண்கள் ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை. "அந்த நகை விசயத்தக் கொஞ்சம் தெளிவாச் சொல்லிடுங்க" என்று மட்டும் சொன்னார்கள். கழுத்தில் கிடப்பதைக் கழற்றி மேசைமேல் வைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு இந்தத் தலைப்பின் தேவையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். மலேசியாவில், நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களில் நம் மக்கள் சேர்த்த உடைமைக்குத் தாள் கிடையாது. எல்லையில் நிற்கும் அதிகாரியோ தாளைத்தான் பார்ப்பார். இந்த இடைவெளியில்தான் நம் பெண்கள் அழுதிருக்கிறார்கள், நம் பிள்ளைகள் சிக்கியிருக்கிறார்கள். இதை மூடுவதற்கான வேலை பெரும்பாலும் நம் கையிலேயே இருக்கிறது.

மனிதரைப் பற்றிப் பேசுமுன் மரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாம் பால் வெட்டிய அந்த மரமே ஒரு சுங்கச் சாவடியைத் தாண்டி வந்ததுதான். 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் அமேசான் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலில் ஏற்றினார். பெலெம் துறைமுகத்துச் சுங்க அதிகாரிகளிடம், இவை இங்கிலாந்து அரசியாரின் கியூ தோட்டத்துக்குப் போகும் மென்மையான தாவர மாதிரிகள், தாமதமானால் கெட்டுவிடும் என்று சொல்லி அனுமதி வாங்கினார். அவர் சொன்னதில் பொய் என்று எடுத்துக்காட்ட ஒரு சொல்லும் இல்லை. சொல்லாமல் விட்டதுதான் ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே சாய்த்தது. ரப்பர் விதை ஏற்றுமதியைத் தடுக்கும் சட்டம் அப்போது பிரேசிலில் இல்லை என்பதால் அது திருட்டா இல்லையா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். கியூவில் முளைத்தவை ஏறத்தாழ 2,700. அடுத்த ஆண்டு 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. மலாயாவின் ரப்பர் தோட்டங்கள் அந்த நாற்றுகளிலிருந்து பெருகியவை. லாபுவிலும் லின்சத்திலும் பகாவ் கெடிஸ் தோட்டத்திலும் நம் பாட்டன் பாட்டி விடிகாலை இருட்டில் உளி பிடித்து நின்ற மரங்களுக்கு முன்னோடி, சுங்க மேசையில் பாதி உண்மை சொல்லப்பட்ட ஒரு சரக்கு.

தென் அமெரிக்காவில் ரப்பரைப் பெருந்தோட்டமாகப் பயிரிட முடியாமல் போனதற்குக் காரணம் ஓர் இலைக்கருகல் நோய். ஹென்றி போர்டு 1928இல் தொடங்கிய போர்ட்லாந்தியா தோட்டத்தை அந்தப் பூஞ்சை நாசமாக்கியது. 1945இல் அவருடைய நிறுவனம் கையைக் கழுவிக்கொண்டது. அந்த நோய் இன்றுவரை ஆசியாவுக்குள் வரவில்லை. அதனால்தான் அந்த நாடுகளிலிருந்து வரும் செடி, விதை, மண் ஆகியவற்றின்மீது மலேசியா இவ்வளவு கண்ணாக இருக்கிறது. ஒரு சுற்றுலாப் பயணியின் பையிலிருக்கும் ஒரு துண்டுக் கிளை ஒரு மாநிலத்தின் பிழைப்பைக் கெடுக்க முடியும். ஆகவே எல்லைச் சோதனையே கெடுபிடி, தேவையில்லாத தொல்லை என்று பேசுகிறவன் நான் இல்லை. ரப்பரால் பிழைத்த ஊரில் பிறந்தவன் அப்படிப் பேசக் கூடாது.

இனி மனிதருக்கு வருவோம்.

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கிய நம் முன்னோர், தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கொண்டுவந்த கங்காணியின் பின்னால் வந்தவர்கள். 1938இல் இந்திய அரசு அந்த ஆளனுப்பும் முறையை நிறுத்தும்வரை அப்படித்தான் வந்தார்கள். இறங்கியதும் தனிமை முகாம். பினாங்குக்கு வந்தவர்கள் ஜெரஜாக் தீவில் அடைக்கப்பட்டார்கள். அவர்களிடம் சுங்கம் வாங்க ஒன்றுமில்லை. ஒரு பித்தளைச் சொம்பு, மாற்றுத் துணி, குலதெய்வத்தின் மண் முடிந்த ஒரு துணி முடிச்சு. இன்றைய சட்டத்தில் அந்த மண்ணுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும்.

அடுத்த தலைமுறை ஊருக்குப் போகத் தொடங்கியது. 'ரஜூலா' கப்பலை இங்கே இருக்கும் முதியவர்களில் பலர் கண்ணால் கண்டிருப்பீர்கள். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் எழுபதுகளின் தொடக்கம்வரை சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடியது. பிறகு 'சிதம்பரம்' வந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் மாண்டபோது அந்தக் கப்பல் பயணமும் முடிந்தது. அந்தக் காலத்துப் பெட்டியை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். தகர டிரங்குப் பெட்டிக்கு மேலே சாக்குத் துணி போட்டுக் கோணி ஊசியால் தைத்து, தோட்டத்துக் கிராணியைக் கொண்டு பெயரும் ஊரும் எழுதியிருப்பார்கள். உள்ளே அடியில் நைலக்ஸ் சேலைகள். அதற்கு மேல் பாத்திக் கைலி, குட்மார்னிங் துண்டு ஒரு டசன், பவுடர் டின், பிஸ்கட் டின். சேலை மடிப்புக்குள் உடையாமல் செருகிய கோடாலித் தைலப் புட்டிகள். யாருக்கு எது என்று பெட்டி கட்டும் பெண்ணுக்கு மனப்பாடம். பார்த்தே இராத நாத்தனாருக்கும் ஒன்று இருக்கும். சென்னைத் துறைமுகத்தில் அந்தத் தையலைப் பிரித்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்து, மறுபடி அடுக்கத் தெரியாமல் விழித்து நின்றவர்களின் கதை தோட்டத்து வரிசைவீடுகளான லயங்கள் ஒவ்வொன்றிலும் உண்டு.

1968ஆம் ஆண்டை மட்டும் தனியே சொல்ல வேண்டும். அந்த ஆண்டில் இரண்டு நாடுகளில் இரண்டு சட்டங்கள் வந்தன. மலேசியாவில், குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சொன்ன வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். இந்தியாவில் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம். கட்டித் தங்கம் வைத்திருக்கத் தடை, நகையும் ஓர் அளவுக்கு மேல் இருந்தால் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்றது அது. முதல் சட்டம் பல்லாயிரம் தோட்டத் தொழிலாளரை 1969க்குப் பிறகு கப்பலேற்றியது. இரண்டாவது சட்டம் அக்கரையில் அவர்களுக்காகக் காத்திருந்தது. இருபது முப்பது ஆண்டு உழைப்பில் சேர்ந்தது தங்கம் மட்டுமே என்றிருந்த குடும்பங்கள், இங்கே சீட்டு இல்லை என்று கிளம்பி, அங்கே கணக்குக் காட்ட நின்றார்கள். இந்தியத் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல்தான் நீக்கப்பட்டது. நம் சமூக வரலாற்றில் இந்த இரண்டு சட்டங்களையும் சேர்த்து வைத்து எழுதிய நூல் ஒன்று வர வேண்டும். இங்கிருக்கும் ஆய்வு மாணவர்கள் யாராவது அதைக் கையில் எடுங்கள்.

தங்கம் மட்டுமே சேர்ந்தது என்றேனே, அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால் வெளியே இருந்து பார்ப்பவர்கள் இதை நகை ஆசை என்று சுருக்கிவிடுகிறார்கள்.

தோட்டத்துத் தொழிலாளிக்கு வீடு சொந்தமில்லை. லயம் கம்பெனியுடையது. வேலை ஓய்ந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நிலம் சொந்தமில்லை; வீட்டுப் பின்புறத்தில் போட்ட மரவள்ளியும் கீரையும்கூடத் துரை மனசு வைத்தால்தான். சேமநிதி 1951க்குப் பிறகுதான் வந்தது. வங்கி சிரம்பானில் இருந்தது, படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. ஆக, கையில் நின்ற கொஞ்சக் காசைத் தூக்கிச் செல்லக்கூடிய ஒரே உருவம் தங்கம். தோட்டம் விற்கப்பட்டாலும், துண்டு போடப்பட்டாலும், செம்பனைக்கு மாறினாலும் அது கழுத்தோடு வரும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், பள்ளிக்கூடக் கட்டணம் என்றாலும், மழைக்காலத்தில் பால்வெட்டு நின்றுபோய்ச் சம்பளம் குறைந்தாலும், சிரம்பானிலோ கோலாப் பிலாவிலோ ஒரு அடகுக்கடைக்குப் போய் வரும். மறுபடி மீண்டு வரும்.

தாளில்லாமை எப்படி உண்டாகிறது என்று இங்கேதான் பார்க்க வேண்டும். ஒரு தாலிக்கொடியை எடுத்துக்கொள்ளுங்கள். திருமணத்தின்போது பொற்கொல்லரிடம் சொல்லிச் செய்தது. அவர் எழுதிக் கொடுத்த சீட்டு என்றோ கரையான் தின்றுவிட்டது. பிறகு ஒரு தீபாவளிக்குக் குண்டு இரண்டு சேர்ந்தது. மாமியார் இறந்தபோது அவருடைய சங்கிலியை உருக்கி இதில் சேர்த்தார்கள். இடையில் பலமுறை அடகுக்குப் போனது. அடகுச் சீட்டில் தேதி, எடை, அடையாளம் எல்லாம் தெளிவாக எழுதியிருக்கும். அந்த நகையைப் பற்றி இந்த உலகத்தில் எழுதப்பட்ட ஒரே ஆவணம் அதுதான். ஆனால் நகையை மீட்கும்போது சீட்டைக் கடைக்காரர் வாங்கிக்கொள்வார். நகை வீட்டுக்கு வரும், தாள் கடையில் நின்றுவிடும். நாற்பதாண்டு உழைப்பு முழுதும் அந்தக் கொடியில் இருக்கிறது. அது தன்னுடையது என்று காட்ட அந்தப் பெண்ணிடம் ஒரு வரி எழுத்து இல்லை.

என் பெரியம்மா லாபுப் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டியவர். ஓய்வுக்குப் பிறகு பழனிக்கும் திருச்செந்தூருக்கும் வேண்டுதல் முடிக்கப் புறப்பட்டார். இந்திய விமான நிலையம் ஒன்றில் அவரைத் தனியே அழைத்து, கொடியைக் கழற்றச் சொன்னார்கள். "இது எப்ப வாங்கினது, பில் எங்கே?" என்று கேட்டார்கள். பெரியம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. "தாலிக்கு ஏதுப்பா பில்லு?" என்றார். கழற்றமாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கடைசியில் மூத்த அதிகாரி ஒருவர் வந்து, அவருடைய கையைப் பார்த்தார். பால் கறை ஏறிக் கறுத்த விரல்கள். விட்டுவிட்டார். அந்த அதிகாரிக்கு நான் நன்றி சொல்கிறேன். ஆனால் ஓர் அதிகாரியின் இரக்கத்தை நம்பி நம் பெண்கள் விமானம் ஏற முடியாது.

இப்போது சட்டத்தைப் பார்ப்போம். இந்தியாவில் 2016 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த பயணப்பொதி விதிகள் ஏறத்தாழப் பத்தாண்டு அப்படியே இருந்தன. அந்த விதிப்படி இந்திய வம்சாவளிச் சுற்றுலாப் பயணி 50,000 ரூபாய் மதிப்புள்ள பொருளை வரியில்லாமல் கொண்டுபோகலாம். வேற்று வம்சாவளிச் சுற்றுலாப் பயணிக்கு 15,000தான். நகைக்குத் தனி விதி: ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்து இந்தியா திரும்பும் பயணி, ஆணானால் 20 கிராம், மதிப்பு 50,000 ரூபாய்க்குள், பெண்ணானால் 40 கிராம், மதிப்பு 1,00,000 ரூபாய்க்குள்.

அந்த விதி வந்தபோது தங்கம் கிராம் 3,000 ரூபாய்க்கும் கீழே. 40 கிராமும் ஒரு லட்சமும் ஏறக்குறைய ஒத்துப்போயின. 2025இல் கிராம் 9,000 ரூபாயைத் தாண்டியது. ஒரு லட்சத்துக்குள் அடங்கியது பதினோரு கிராம், ஒன்றரைப் பவுன்கூட இல்லை. ஐந்து பவுன் என்று எழுதியிருந்த சட்டம், ஒரு எழுத்தும் மாறாமல், ஒன்றரைப் பவுனுக்கும் கீழே இறங்கிவிட்டது. அதோடு "திரும்பும் பயணி" யார்? இங்கே ஐந்தாம் தலைமுறையாக வாழும் மலேசியப் பெண் எங்கே திரும்புகிறார்? அவருடைய பாட்டியின் பாட்டி புறப்பட்ட ஊருக்கு அவர் முதல்முறையாகப் போகிறார்.

இந்த முரண் நீதிமன்றத்துக்குப் போனது. பிரான்சில் வாழும் கணவரைக் கைப்பிடித்த இலங்கைத் தமிழ்ப் புதுமணப்பெண் ஒருவர் 2023 டிசம்பரில் சென்னை வந்து இறங்கியபோது, பதினோரு பவுன் தாலிக்கொடியை அதிகாரிகள் எடுத்துக்கொண்டார்கள். 2025 தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. உடம்பில் அணிந்து வரும் நகையைப் பொதியாகக் கருதி இந்த விதியைப் போட முடியாது, திருமணமான பெண்ணின் தாலியைக் கழற்றச் சொல்வது வழக்கத்தையும் மதிப்பையும் மீறுவது என்பது தீர்ப்பின் சாரம். அதற்கு முன்பே, 2017இல், லண்டனில் வாழும் இந்திய வம்சாவளிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொந்த நகையைக் கடத்தலாகப் பார்க்கக் கூடாது என்ற பக்கம் நின்றது. இந்த விதிகளை மறுபடி ஆராயுமாறு தில்லி உயர் நீதிமன்றம் சுங்க வாரியத்துக்குச் சொன்னது. 2026 பிப்ரவரியில் புதிய பயணப்பொதி விதிகள் வந்தன. நகைக்கான ரூபாய் உச்சவரம்பு போய்விட்டது. எடை மட்டும் நின்றது. பெண்ணுக்கு 40 கிராம், மற்றவர்க்கு 20. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளிச் சுற்றுலாப் பயணிக்கும் அது பொருந்தும் என்று எழுதினார்கள். பொதுச் சலுகையும் 75,000 ரூபாயாக உயர்ந்தது. வேற்று வம்சாவளியினருக்கு 25,000.

இது நல்ல மாற்றம். வழக்குப் போட்ட பெண்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனாலும் ஒரு கணக்கு பாக்கியிருக்கிறது. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் தத்தெடுத்து வளர்த்த சீனப் பெண் குழந்தைகளை நீங்கள் அறிவீர்கள். மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, தமிழ்ப் பள்ளியில் படித்து, தமிழனைக் கட்டி, இன்று பாட்டியாக இருக்கிறார்கள். அவர்கள் கழுத்திலும் அதே தாலிதான். ராமேசுவரத்துக்கு அவர்களும்தான் போகிறார்கள். வம்சாவளி என்று சட்டம் கேட்டால் அந்தப் பாட்டி எந்த வரிசையில் நிற்பார்? பிறப்பைக் கேட்கும் விதியில் வளர்ப்புக்கு இடமில்லை. சுங்கச் சட்டம் எழுதுகிறவர்கள் நம் தோட்டங்களைப் பார்த்திருந்தால் இந்த வரியை வேறு விதமாக எழுதியிருப்பார்கள்.

40 கிராமுக்கு மேல் வைத்திருப்பவர் என்ன செய்வது? இங்கேதான் நம்மவர்களுக்குத் தெரியாத இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. இந்தியச் சுங்கச் சட்டம் 1962இல் 77ஆம் பிரிவு, பயணி தன் பொதியில் இருப்பதைத் தானே அறிவிக்க வேண்டும் என்கிறது. 80ஆம் பிரிவு, அப்படி உண்மையாக அறிவித்த பயணி தன் பொருளை விமான நிலையத்திலேயே ஒப்படைத்து, ரசீது வாங்கிக்கொண்டு, நாடு திரும்பும்போது மீட்டுக்கொள்ளலாம் என்கிறது. 'டிடென்ஷன் ரிசிப்ட்' என்று கேட்டு வாங்க வேண்டும். அறிவிக்க வேண்டிய பொருள் உள்ளவர்களுக்கான சிவப்புப் பாதையில் போய் முதலில் அறிவித்தவருக்குத்தான் இந்த உரிமை. பச்சைப் பாதையில் தலை குனிந்து நடந்து போய்ப் பிடிபட்ட பிறகு, "என் நகைதான் ஐயா" என்று சொன்னால், அதே நகை, அதே பெண், ஆனால் சட்டத்தின் கண்ணில் வேறு ஆள். விக்கம் செய்தது போலப் பாதி சொல்லித் தப்பிக்கும் காலம் போய்விட்டது. நம்மவர்கள் சிவப்புப் பாதையைக் குற்றவாளிகளின் பாதை என்று நினைத்து அஞ்சுகிறார்கள். நேர்மையானவருக்குப் பாதுகாப்புத் தரும் பாதை அதுதான்.

இனி நான் சொல்லப்போவதைக் கேட்க இளையோருக்குக் கசக்கலாம். திருச்சி விமானத்தில் ஏறப்போகும் வரிசையில், அறிமுகமில்லாத ஒருவர் பக்கத்தில் வந்து, "அண்ணே, இந்தச் செயினை மட்டும் போட்டுக்கிட்டுப் போங்க, வெளிய ஆளு வந்து வாங்கிக்குவாங்க, டிக்கெட் காசு நாங்க பார்த்துக்கிறோம்" என்பார். 'குருவி' என்று அழைக்கப்படும் இந்தத் தொழிலில் சுமப்பவர் நம் ஆள், லாபம் பார்ப்பவர் வேறு ஆள். ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி, வேலையில்லாத பையன், மகளுக்குச் சீர் செய்ய வழியில்லாத தாய். இவர்களைத்தான் தேடி வருகிறார்கள். ஏனென்றால், கழுத்தில் தங்கத்தோடு ஊருக்குப் போவது இவர்களுக்கு இயல்பு. நம் பெண்களின் தாலியை அதிகாரிகள் சந்தேகத்தோடு பார்க்கக் காரணமே இந்தக் குருவிகள்தான். ஒருவன் வாங்கிய இலவச டிக்கெட்டுக்கு ஓராயிரம் பாட்டிகள் விலை கொடுக்கிறார்கள்.

தங்கமாவது பறிமுதலோடும் வழக்கோடும் முடியும். வேறு பொட்டலங்கள் உயிரைக் கேட்கும். மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டம், ஒருவர் கைவசத்தில் போதைப்பொருள் இருந்தால் அது என்னவென்று அவருக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறது. தெரியாது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையது. சிங்கப்பூர்ச் சட்டமும் அப்படித்தான். நாகேந்திரன் தர்மலிங்கத்தின் பெயரை இந்த மண்டபத்தில் அறியாதவர் இருக்க முடியாது. ஈப்போவைச் சேர்ந்த இளைஞர். 2009இல் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பிடிபட்டபோது அவரிடம் இருந்தது 42.72 கிராம் ஹெராயின். 15 கிராமுக்கு மேல் என்றால் அங்கே மரண தண்டனை. 2022 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிடப்பட்டார். அவருடைய அறிவுத்திறன் குறைபாட்டை எடுத்துச் சொல்லி உலகமே மன்றாடியும் பயனில்லை. மலேசியா 2023இல் கட்டாய மரண தண்டனையை நீக்கியது. அதனால் பொட்டலம் சுமப்பது ஆபத்தில்லாமல் போய்விட்டது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஜோகூர் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்தவர் பொட்டலம் சின்னதாக இருந்தாலும், கொடுப்பவர் மாமனாகவே இருந்தாலும், பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

சிங்கப்பூரைப் பற்றிப் பேசும்போது வயதானவர்களுக்கும் ஒரு சொல். குழம்புக்கு அரைக்கும் கசகசா அங்கே தடை. வெற்றிலையோடு போடும் புகையிலையும் தடை. வெற்றிலைப் பையைக் கிளம்புமுன் ஒருமுறை உதறிப் பாருங்கள். இந்தியாவுக்குப் போகும் பேரப்பிள்ளைகளின் 'வேப்' பற்றியும் சொல்லிவிட வேண்டும். அந்த மின்சிகரெட்டை இந்தியா 2019இல் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. கொண்டு போனால் முதல் குற்றத்துக்கே ஓராண்டுவரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. கோயிலுக்குப் போன குடும்பம் பையனின் சட்டைப் பைக்காக விமான நிலையத்தில் நிற்க வேண்டாம்.

திரும்பி வரும் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம். விமானம் இறங்கும் செப்பாங் நம் மாநில எல்லையை ஒட்டியது. 1998இல் அந்த விமான நிலையம் திறந்ததிலிருந்து நீலாய், லாபு மக்களுக்குச் சுங்கச் சாவடி அண்டை வீடாகிவிட்டது. லாபுத் தோட்ட நிலத்திலேயே மலிவுக் கட்டண விமான நிலையம் ஒன்று கட்டும் திட்டமும் எழுந்தது. 2009 ஜனவரியில் கைவிடப்பட்டது. செப்பாங் நிலையத்தில் பெட்டி தூக்கும், துப்புரவு செய்யும் கைகளில் நம் பழைய தோட்டங்களின் பிள்ளைகளுடைய கைகள் உண்டு. ஆனால் அங்கே வந்திறங்கும் நம் குடும்பங்களுக்கு விதி தெரியவில்லை. மலேசியச் சுங்கத் துறையின் வரிவிலக்குப் பட்டியலில் புதிய உடுப்பு மூன்று, புதிய காலணி ஒரு சோடி என்ற வரி நெடுங்காலமாக உண்டு. திருமணத்துக்குத் திருச்சியிலும் தியாகராய நகரிலும் முப்பது சேலை எடுத்து வருகிறவர் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு அறிவிக்க வேண்டும். வரி கட்ட வேண்டி வந்தாலும் அது கல்யாணச் செலவில் ஒரு சிறு பங்குதான்.

செடி விஷயம் அப்படியில்லை. முருங்கைக் கிளை, கறிவேப்பிலைக் கன்று, வீட்டு வாசலில் வைக்க ஊரிலிருந்து வில்வக் கன்று. பாசத்தோடு ஈரத்துணியில் சுற்றிக் கொண்டு வருகிறார்கள். கறிவேப்பிலையில் ஒட்டி வரும் ஒரு சிறு பூச்சிதான் எலுமிச்சை, நாரத்தை மரங்களைக் கொல்லும் பச்சைநோயைப் பரப்புகிறது. மலேசியாவின் 2011ஆம் ஆண்டு தனிமைப்படுத்தல், சோதனைச் சேவைச் சட்டப்படி அனுமதியில்லாமல் செடியோ விலங்கோ இறைச்சியோ மீனோ கொண்டு வந்தால் 100,000 வெள்ளிவரை அபராதமோ ஆறாண்டுவரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். 2025 முதல் எல்லைக் கட்டுப்பாட்டுக்கென்று தனி நிறுவனம் வந்து இந்தச் சோதனைகள் ஒரே கூரையின் கீழ் இறுகிவிட்டன. கருவாட்டுப் பொட்டலத்தை முறுக்குக்குள் மறைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கையில் ரொக்கம் கொண்டு போகிறவர்களுக்கு ஒரு வரி: 10,000 அமெரிக்க டாலர் மதிப்பைத் தாண்டினால் மலேசியாவில் புறப்படும்போதும் வரும்போதும் அறிவிக்க வேண்டும். இந்தியாவில் வெளிநாட்டு நோட்டு 5,000 டாலர் மதிப்பைத் தாண்டினாலே அறிவிக்க வேண்டும். நிலம் விற்ற பணத்தை மடியில் கட்டிக்கொண்டு திரியும் வேலை வேண்டாம்.

இவ்வளவும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. மலாயிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கிறது. நம் பெரியம்மாக்களுக்குத் தெரிந்த மொழியில் இல்லை. ஆண்டுதோறும் தைப்பூசம் முடிந்ததும் தமிழ்நாட்டுக்குக் கோயில் யாத்திரை ஏற்பாடு செய்யும் பயண முகவர்கள் டிக்கெட்டோடு ஒரு தமிழ்த் தாள் அச்சிட்டுக் கொடுக்கலாம். எது போகும், எது போகாது, எங்கே அறிவிப்பது, எந்த ரசீது கேட்பது என்ற நான்கு விஷயம் போதும். விதி மாறும்போது தாளும் மாற வேண்டும்; ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்க்க ஒரு வழக்கறிஞர் முன்வந்தால் போதும், இந்த அவையிலேயே சிலர் இருக்கிறீர்கள்.

தோட்டத்துக் கோயில் நிர்வாகங்களையும் கேட்டுக்கொள்கிறேன். யாத்திரைக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம்பிக்கையான நகைக்கடைக்காரர் ஒருவரைக் கோயில் மண்டபத்துக்கு வரவழையுங்கள். போகிற பெண்களின் நகையை நிறுத்து, எடையையும் வடிவத்தையும் கடைத் தாளில் எழுதி முத்திரை போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். அதோடு ஒரு புகைப்படம். பழைய கல்யாணப் படத்தில் அதே கொடி தெரிந்தால் அதன் நகலையும் இணையுங்கள். எல்லா அதிகாரியும் அதை ஏற்பார் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் எழுத்தே இல்லாமல் நிற்பதைவிட எழுத்தோடு நிற்பது மேல். அடுத்த முறை அடகுக்குப் போகும்போது சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நகை மீண்ட பிறகும் அந்தப் படம் உங்களிடம் இருக்கும்.

இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் பொறுப்பாளர்களுக்கு என் விண்ணப்பம்: இன்றைய சொற்பொழிவை நூலாக அச்சிடும் செலவில் ஒரு பகுதியை எடுத்து, முதல் தமிழ்த் தாளை நீங்களே அச்சிடுங்கள். சிரம்பானிலும் போர்ட்டிக்சனிலும் பகாவிலும் உள்ள கோயில்களுக்கும் பயண முகவர்களுக்கும் அடுத்த தைப்பூசத்துக்கு முன் அது போய்ச் சேர வேண்டும். எழுதிக் கொடுக்கும் வேலையை நான் ஏற்கிறேன்.